பாட்டியின் சேலைப் போர்வை: துவைக்கலாமா, வீசலாமா?

பட்டர்வொர்த் பேத்தி

எல்லாருக்கும் வணக்கம். ஒரு யோசனை வேண்டும், கொஞ்சம் அவசரம்.

பினாங்கு ஆயர் ஈத்தாமில் இருக்கும் அம்மாவின் அடுக்குமாடி வீட்டைக் காலி செய்துகொண்டிருக்கிறோம். அலமாரிக்கு மேலே கிடந்த தகரப் பெட்டியில் பாட்டியின் போர்வை கிடைத்தது. பாட்டி நிபோங் திபால் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். பழைய நூல்சேலைகளை நாலைந்து அடுக்காகப் போட்டு, முழுக்கக் கையாலேயே ஓட்டுத்தையல் (ரன்னிங் ஸ்டிச்) தைத்திருக்கிறார். கிழிந்த இடங்களில் தாத்தாவின் பெலிக்காட் கைலித் துண்டுகள். ஓரிடத்தில் சேலை நைந்துபோய் உள்ளே மாவு மூட்டைத் துணி தெரிகிறது, பாதி எழுத்தோடு. பூஞ்சைப் புள்ளிகள் வேறு. வாடை சொல்லி மாளாது.

மகள், "அம்மா, இது க்வில்ட்! இதையெல்லாம் வெளிநாட்டில் சுவரில் மாட்டுகிறார்கள்" என்கிறாள். அக்கா, "தூக்கிப் போடு, கரப்பான் முட்டை இருக்கும்" என்கிறார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கையில் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

இதை எப்படித் துவைப்பது? இது உண்மையிலேயே க்வில்ட்தானா? உங்கள் வீடுகளில் இப்படித் தைத்தவர்கள் உண்டா?

செந்தூல்காரன்

வாஷிங் மிஷின், வெந்நீர், ஒரு மூடி குளோராக்ஸ் வெளுப்பான். பூஞ்சை போய்விடும். போர்வையும் சேர்ந்து போய்விட்டால் பாசார் மாலாமுக்கு, அதான் இரவுச் சந்தைக்கு, போங்கள்.

ஊசிமுனை

ஐயோ அண்ணே, விளையாட்டுக்குக்கூட அப்படிச் சொல்லாதீர்கள், யாராவது செய்து தொலைப்பார்கள்!

பேத்தி, மிஷின் பக்கமே போகாதீர்கள். முதலில் போர்வையை வீட்டுக்கு வெளியே, வெயில் படாத இடத்தில் விரித்துக் காற்றாட விடுங்கள். முகக்கவசம் போட்டுக்கொண்டு மெத்தென்ற பிரஷ்ஷால் பூஞ்சைத் தூளைத் தட்டிவிடுங்கள். பூச்சி பயம் இருந்தால் நன்றாகக் காய்ந்த பிறகு பிளாஸ்டிக் பையில் காற்று புகாமல் கட்டி ஒரு வாரம் ஃப்ரீசரில் வையுங்கள். நான் முதல்முறை செய்தபோது வீட்டுக்காரர் கோழி என்று நினைத்து வெளியே எடுத்துவிட்டார். பை மேல் பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள்.

அப்புறம் சாயச் சோதனை. வெள்ளைத் துணியை நனைத்து ஒவ்வொரு நிறத்தின் மேலும் ஒரு நிமிடம் அழுத்துங்கள். சாயம் ஒட்டினால் அதோடு நிறுத்திவிடுங்கள், தண்ணீரே வேண்டாம். சிவப்பும் கருநீலமும்தான் பெரும்பாலும் காலை வாரும்.

ஒட்டவில்லையா? பிள்ளைகள் குளிக்கிற ரப்பர் தொட்டி போதும். அடியில் ஒரு பழைய பெட்ஷீட்டை விரித்து அதன்மேல் போர்வையைப் படுக்க வையுங்கள். குளிர்ந்த நீர், வெளுப்பான் கலக்காத மென்மையான சோப்பு. கையால் மெதுவாக அமுக்கினால் போதும். தேய்க்கக் கூடாது, முறுக்கவே கூடாது. நாலைந்து தண்ணீர் மாற்றுங்கள், பழுப்பு இறங்கிக்கொண்டே இருக்கும். வெளியே எடுக்கும்போது போர்வையைப் பிடித்துத் தூக்காமல் பெட்ஷீட்டின் நாலு மூலையையும் பிடித்துத் தூளி மாதிரித் தூக்குங்கள். ஈரப் பருத்தி கனமான கனம். தன் கனத்திலேயே பழைய நூல் அறுந்துவிடும். கொடியில் தொங்கவிடாமல் தட்டையாகவே காயப் போடுங்கள்.

க்வில்ட்தானா என்று கேட்டீர்கள். மேல் துணி, நடுவில் ஏதாவது ஒரு திணிப்பு, அடித் துணி, மூன்றையும் ஊடுருவும் தையல். இவ்வளவுதான் இலக்கணம். உங்கள் பாட்டியுடையதில் நடுவே மாவு மூட்டை. தாராளமாக க்வில்ட்தான். பலர் குழப்பிக்கொள்கிறார்கள்: துண்டு துண்டாக வெட்டிச் சேர்ப்பது ஒட்டு வேலை, அடுக்குகளைச் சேர்த்துத் தைப்பதுதான் க்வில்ட் வேலை. ஒட்டு இல்லாமலும் க்வில்ட் உண்டு. ஒட்டுத்தையல் வேறு, ஓட்டுத்தையல் வேறு. முதல் எழுத்து நீண்டால் வேலையே மாறிவிடுகிறது, நம் மொழியில் இப்படி ஒரு வசதி.

ஒரு கேள்வி: நாலு மூலையிலும் என்ன துணி இருக்கிறது? பார்த்துச் சொல்லுங்கள். காரணம் பிறகு சொல்கிறேன்.

செந்தூல்காரன்

சரி, விளையாட்டு போதும். ஒன்று நேராகவே சொல்கிறேன்.

எங்கள் அம்மாவும் இதைத் தைத்தவர்தான். ராவாங் பக்கம், தோட்டத்து லயத்து வீடு (வரிசைக் குடியிருப்பு). கம்பளி வாங்கக் காசில்லை, அதனால் தைத்தார். விடியற்காலை பால்வெட்டுக்குப் போய் வந்து, சமைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, மண்ணெண்ணெய் விளக்கில் கண்ணைக் கெடுத்துக்கொண்டு தைத்தார். அதற்குக் கலை என்று பெயர் வைத்தால் அவரே சிரிப்பார். இப்போது ஏர்கோன் அறையில் உட்கார்ந்து, புதுத் துணியை ஒரு மீட்டர் நாற்பது வெள்ளிக்கு வாங்கி, அதைத் துண்டு துண்டாக வெட்டி, மறுபடி ஒட்டுவதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? வெள்ளைக்காரி வீட்டுப் பொழுதுபோக்கு. இந்த ஊர் வெக்கைக்குப் பஞ்சுப் போர்வை எதற்கு?

கெம்பல் தெரு வாத்தியார்

தம்பி சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. மீதிப் பாதிக்கு வருகிறேன். ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியன், நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைக்காரி வீட்டுப் பழக்கமா? எகிப்தில் அபிடோஸ் என்ற இடத்தில் 1903இல் கண்டெடுத்த ஒரு சிறு தந்தச் சிலை லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. ஏறக்குறைய 5000 ஆண்டு பழையது. ஓர் அரசன், மேலே சாய்சதுரக் கட்டங்கள் போட்ட தடித்த போர்வை. க்வில்ட் மாதிரிதான் தெரிகிறது. துணியே கிடைத்த இடம் மங்கோலியா. நொயின் ஊலாவில் ஷியோங்னு என்ற நாடோடி இனத் தலைவர்களின் புதைகுழிகளை 1924இல் தோண்டியபோது தைத்து அடுக்கிய தரைவிரிப்புகள் கிடைத்தன. சுமார் 2000 ஆண்டுக்கு முந்தியவை. குளிர் மண்ணில் ஆழமாகப் புதைந்து கிடந்ததால் மட்காமல் தப்பின. நம் ஊரில் 50 ஆண்டு தாங்கினாலே பெரிய சங்கதி.

ஐரோப்பாவில் முதலில் இதைப் பெரிதாக உடுத்தியவன் சிப்பாய். இரும்புக் கவசத்துக்கு உள்ளே, சில நேரம் கவசத்துக்குப் பதிலாகவே, பஞ்சு திணித்துத் தைத்த அங்கி. பல அடுக்குத் துணி அடியின் வேகத்தை வாங்கிக்கொள்ளும். படுக்கைக்கு வந்ததில் புகழ்பெற்றது சிசிலித் தீவில் 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் தைத்த திரிஸ்தான் க்வில்ட். திரிஸ்தான் என்ற வீரனின் கதைக் காட்சிகளைப் பஞ்சு திணித்தே மேடாக்கிக் காட்டியிருப்பார்கள். ஒரு பகுதி லண்டனிலும் இன்னொன்று ஃபிளாரன்ஸிலும் இருக்கின்றன. க்வில்ட் என்ற சொல்லே லத்தீனிலிருந்து வந்தது. 'குல்சிதா' என்றால் மெத்தை, திண்டு.

இனிமேல்தான் நம் கதை. 17ஆம் நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கம்பெனிகளின் கப்பல்கள் சோழமண்டலக் கரையிலிருந்து சாயம் எழுதிய பருத்தித் துணியை ஐரோப்பாவுக்கு அள்ளிக்கொண்டு போயின. நாம் சீட்டித் துணி என்போமே, அதுதான். துவைத்தாலும் சாயம் போகாது என்பது அவர்களுக்குப் புதிய அதிசயம். அங்கே கம்பளி நெசவாளர், பட்டு நெசவாளர் வயிற்றில் அடி விழுந்து கூச்சல் கிளம்பியது. பிரான்ஸ் 1686இலிருந்து 1759 வரை தடையே போட்டது. இங்கிலாந்தும் 1721இல் அச்சிட்ட பருத்தியைத் தடுத்து 1774இல்தான் விட்டது. விலை ஏறினால் துணுக்கு வீணாகுமா? சீட்டித் துணியில் இருந்த பூவையும் கிளியையும் கத்தரித்து எடுத்து வெள்ளைத் துணியில் ஒட்டித் தைக்கிற வழக்கம் அங்கே பெருகியது. அதற்குப் பிரெஞ்சில் 'பாரசீகப் பூத்தையல்' என்று பெயர். பாரசீகத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை, துணி நம் கரையுடையது.

பேத்தி அம்மா, உங்கள் பாட்டி ஒட்டுப் போட்ட பெலிக்காட் கைலி இருக்கிறதே, அந்தப் பெயரும் அங்கிருந்து வந்ததுதான். சென்னைக்கு வடக்கே இருக்கும் பழவேற்காடு, ஐரோப்பியர் வாயில் 'புலிக்காட்'. அந்தத் துறையிலிருந்து வந்த கட்டம் போட்ட துணி மலாய்க்காரர் வாயில் 'காயின் பெலிக்காட்' ஆயிற்று. பினாங்குச் சூலியா தெருவில் கடை போட்ட நம் முஸ்லிம் வணிகர்கள் கொண்டுவந்து விற்ற சரக்கு. இன்று மலாய்க்கார வீட்டில் பெலிக்காட் இல்லாத கொடி உண்டா?

லூனாஸ் லட்டு

அமெரிக்காவில் கறுப்பின அடிமைகள் தப்பி ஓடும்போது வீட்டு வேலியில் தொங்கும் க்வில்டைப் பார்த்துத்தான் வழி தெரிந்துகொள்வார்களாம். ஒவ்வொரு கோலத்துக்கும் ஓர் அர்த்தமாம். படித்தபோது மயிர்க்கூச்செறிந்தது. வாத்தியார் ஐயா இதையும் சேர்த்துச் சொல்லலாமே?

கெம்பல் தெரு வாத்தியார்

அழகான கதை. ஆனால் சான்று இல்லை. 1999இல் வந்த ஒரு புத்தகம் அதைப் பரப்பியது. தப்பி வந்தவர்களே எழுதிவைத்த வாழ்க்கை வரலாறுகள் பல இருக்கின்றன, அவற்றில் இந்தச் சங்கேதம் வரவில்லை என்று வரலாற்று ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினார்கள். சொல்லப்படும் கோலங்களில் சில அந்தக் காலத்துக்குப் பிறகு வந்தவை.

இருக்கிற உண்மையே போதும், லட்டு. ஹாரியட் பவர்ஸ் என்று ஜார்ஜியாவில் அடிமையாகப் பிறந்த ஒரு பெண். பைபிள் கதைகளை உருவங்களாக வெட்டித் தைத்தார். வறுமை தாங்காமல் 5 டாலருக்கு விற்றார். அது இன்று வாஷிங்டன் ஸ்மித்சோனியனில். விற்கும்போது ஒவ்வொரு கட்டத்துக்கும் என்ன கதை என்று வாங்கியவரிடம் சொல்லிவிட்டுப் போனார். அவர் எழுதி வைத்துக்கொண்டதால் நமக்குத் தெரிகிறது.

பட்டர்வொர்த் பேத்தி

ஊசிமுனை அக்கா, மூலைகளைப் பார்த்தேன். மூன்று மூலையில் ஒரே பச்சைச் சுங்குடித் துணி, முக்கோணமாக மடித்து வைத்துத் தைத்தது. நாலாவது மூலையில் மட்டும் வேறு, பூப்போட்ட ரோஸ் நிறம். ஏன் கேட்டீர்கள்?

ஊசிமுனை

நினைத்தேன்!

கர்நாடகத்தில் வடகன்னட மாவட்டத்துக் காட்டோரங்களில் சித்தி இன மக்கள் இருக்கிறார்கள். பல நூற்றாண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள். அந்தப் பெண்கள் 'கவந்தி' என்று ஒரு போர்வை தைப்பார்கள். பழைய சேலையை அடியில் விரித்து, விளிம்பிலிருந்து தொடங்கித் துண்டு துண்டாகச் சேர்த்துக்கொண்டே, சுற்றிச் சுற்றி நடுவை நோக்கி வருவார்கள். முன்கூட்டி வரைவது கிடையாது. முடிந்ததும் நாலு மூலையிலும் மடித்த துணியை அடுக்கி வைத்துத் தைப்பார்கள், அதற்குப் பெயர் 'பூலா', பூ. அது இல்லாத போர்வை அம்மணமான போர்வை என்பார்கள்.

உங்கள் பாட்டிக்கும் அவர்களுக்கும் தொடர்பு என்று சொல்ல வரவில்லை. வங்காளத்துக் காந்தாவைப் பாருங்கள், அதுவும் பழஞ்சேலை அடுக்குதான். சேலைக் கரையிலிருந்து வண்ண நூலை உருவி அதிலேயே மீனும் தாமரையும் தைப்பார்கள். நாம் 'கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்கிறோமே, அந்தக் கந்தையும் இந்தக் காந்தாவும் ஒரே வேர். பீகாரில் சுஜனி, மராட்டியத்தில் கோதடி, சிந்துவில் ரல்லி. மலாய்க்காரர்களிடம் 'தம்பால் செரிபு', ஆயிரம் ஒட்டு. சீனரிடம் நூறு வீட்டுத் துணி வாங்கிப் பிள்ளைக்குப் போர்வை தைக்கும் வழக்கம், நூறு வீட்டு ஆசியும் சேரும் என்று. புத்த பிக்குவின் துவராடையை உற்றுப் பாருங்கள், ஒட்டுப் போட்டதுதான். மகத நாட்டு வயல் வரப்புகளைக் காட்டி அப்படித் தைக்கச் சொன்னார் புத்தர் என்று விநய நூல் சொல்கிறது.

செந்தூல் அண்ணே, உங்களுக்குத்தான் இது. ஏழ்மை அடுக்கைத் தைத்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மூன்று மூலைக்கும் ஒரே பச்சை வேண்டும் என்று தேடியது எது? கதகதப்புக்கு எந்தத் துணியும் போதுமே.

செந்தூல்காரன்

கையில் அந்தத் துணி இருந்திருக்கும், வைத்திருப்பார். எல்லாவற்றுக்கும் அர்த்தம் தேடாதீர்கள்.

காப்பார் கத்தரிக்கோல்

நடுவில் நுழைகிறேன், என் சோகத்தையும் கேளுங்கள். அம்மா இறந்தபின் அவர் சேலைகளில் பன்னிரண்டை எடுத்துக்கொண்டு ஞாபகப் போர்வை தைத்துத் தருவதாகச் சொன்ன ஓர் இடத்தில் கொடுத்தேன். எந்த இடம் என்று கேட்காதீர்கள். முன்பணம் கட்டி நாலு மாதம் கழித்துக் கையில் வந்தபோது அழுகையே வந்துவிட்டது. கல்யாணப் பட்டில் முந்தானையை விட்டுவிட்டு வெறும் உடலை வெட்டியிருக்கிறார்கள். முந்தானை எங்கே என்றால் பதில் இல்லை. நைலக்ஸ் சேலை இருந்த கட்டங்கள் இஸ்திரியில் சுருங்கி இழுத்துக்கொண்டிருக்கின்றன. முதல் துவைப்பில் அரக்குச் சாயம் இறங்கி பக்கத்துக் கட்டமெல்லாம் ரோஸ். இன்னும் ஆறு சேலை மிச்சம் இருக்கிறது. நானே தைக்கலாமா? பட்டன் மட்டும்தான் தைக்கத் தெரியும்.

ஊசிமுனை

மனசு கஷ்டமாக இருக்கிறது, கத்தரிக்கோல். தாராளமாக நீங்களே தைக்கலாம்.

சேலைகளைத் தரம் பிரியுங்கள். நூல்சேலை ஒரு பக்கம், பட்டு ஒரு பக்கம், நைலக்ஸ், ஜார்ஜெட் ஒரு பக்கம். முதல் போர்வைக்கு நூல்சேலை மட்டும். வெட்டுவதற்கு முன்பே எல்லாவற்றையும் துவைத்துவிடுங்கள். சுருங்குவதும் சாயம் விடுவதும் அப்போதே நடந்துவிடட்டும். உப்புப் போட்டால், வினிகர் ஊற்றினால் சாயம் நிற்கும் என்பார்கள், கடைத் துணிக்கு அது பலிக்காது. தண்ணீர் தெளியும்வரை அலசுவதுதான் வழி.

பட்டு நழுவும், நூல் பிரியும். அடியில் இஸ்திரியில் ஒட்டும் மெல்லிய கேன்வாஸ் வைத்த பிறகே வெட்ட வேண்டும். ஜரிகைக் கரையை மடிப்பில் வைக்காதீர்கள், அங்கேதான் முதலில் வெடிக்கும். முந்தானையை வெட்டவே வேண்டாம். முழுசாக நடுவில் வையுங்கள்.

துண்டுகளைச் சேர்க்கும்போது தையலுக்குக் கால் அங்குலம் விடுவது வழக்கம். எல்லாத் துண்டுக்கும் ஒரே அளவு விடவேண்டும். ஒரு துண்டில் நூலிழை பிசகினால் பத்தாவது துண்டில் அரை அங்குலம் வளைந்து நிற்கும். உள்ளே பருத்திப் பஞ்சுத் தகடு போதும், பாலியஸ்டர் இந்த ஊருக்கு வேர்க்கும். மூன்றையும் விரித்து, நடுவிலிருந்து வெளியே போகிற மாதிரி தற்காலிக நூலோட்டம் போட்டுவிட்டு, அப்புறம் தையுங்கள். ஓரத்திலிருந்து தொடங்கினால் நடுவில் துணி உப்பி நிற்கும். சித்திப் பெண்கள் எப்படி ஓரத்திலிருந்து உள்ளே வருகிறார்கள் என்று கேட்பீர்கள். அவர்கள் துண்டை வைக்க வைக்கவே தைக்கிறார்கள், உப்புவதற்கு இடமே இல்லை.

தைத்துப் பழகத் துணி வேண்டுமென்றால் கோலாலம்பூரில் ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மான், மஸ்ஜித் இந்தியா பக்கம் போய்த் துணுக்குகள் கேட்டுப் பாருங்கள். எனக்கு ஒரு டைலர் அக்கா பை நிறைய பாத்தேக் துணுக்கு சும்மாவே கொடுத்தார். சுழல்கத்தி என்று ஒன்று, பீட்சா வெட்டுகிற மாதிரி இருக்கும், 1979இல் ஜப்பானியக் கம்பெனி ஓல்ஃபா கொண்டுவந்தது. வாங்கினால் வேலை பாதியாகும். மூடி போடாமல் வைத்தால் விரலும் பாதியாகும்.

கிள்ளான் கிறுக்கன்

கோலாலம்பூர் டாத்தாரான் மெர்டேக்கா பக்கத்தில் தேசிய ஜவுளி அருங்காட்சியகம் இருக்கிறது, 1905இல் கட்டிய சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட கட்டடம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒருமுறை போங்கள். ஜரிகை நெசவான சொங்கெட், பட்டு நெசவான லீமார், சரவாக் இபான் மக்களின் புவா கும்பு எல்லாம் ஒரே இடத்தில் பார்க்கலாம். கார் நிறுத்தத்தான் இடம் கிடைக்காது, ரயிலில் போங்கள்.

லூனாஸ் லட்டு

போனமுறை பல்பு வாங்கினேன், இது உண்மைதான், சரிபார்த்துவிட்டு வருகிறேன்.

1942, சிங்கப்பூர் விழுந்தபின் சாங்கிச் சிறை. வெள்ளைக்காரப் பெண்களும் குழந்தைகளுமாக 400 பேர் ஒரு பக்கம், கணவன்மார் இன்னொரு பக்கம். உயிரோடு இருக்கிறோம் என்று சொல்லி அனுப்ப வழியில்லை. கனடாக்காரர் எதெல் மல்வனி என்ற பெண் ஒரு யோசனை சொன்னார்: மருத்துவமனையில் இருக்கும் காயம்பட்டவர்களுக்குப் போர்வை தைத்துத் தருகிறோம். ஆளுக்கு ஆறு அங்குல வெள்ளைச் சதுரம். உன்னைப் பற்றி ஏதாவது அதில் தை, உன் பெயரையும் போடு. ஒரு போர்வைக்கு 66 சதுரம். பெயரைப் பார்த்தால் கணவனுக்குத் தெரியும், மனைவி உயிரோடு இருக்கிறாள் என்று. ஜப்பானியர் சந்தேகப்படாமல் இருக்க அவர்களுடைய காயம்பட்ட வீரர்களுக்கும் ஒன்று தைத்தார்கள். மூன்று இன்றும் இருக்கின்றன: இரண்டு கான்பெராப் போர் நினைவகத்தில், ஒன்று பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கத்திடம். அதே சிறையில் சின்னப் பெண்கள் கந்தல் துணியை அறுகோணமாக வெட்டிச் சேர்த்துத் தைத்த ஒன்று லண்டன் போர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

செந்தூல்காரன்

கேட்டுக்கொண்டேன். நல்ல கதை, உண்மைக் கதை.

அதே 1942, 43இல் நம் தோட்டங்களிலிருந்து ஆயிரம் ஆயிரமாக ஆட்களை, ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்குப் போட்ட மரண ரயில்பாதைக்கு ஏற்றிப் போனார்கள். 415 கிலோமீட்டர். காலராவில் செத்தவர்களுக்குக் கணக்குப் புத்தகம்கூட ஒழுங்காக இல்லை. இங்கே தங்கிய பெண்கள் துணி கிடைக்காமல் சாக்கை உடுத்தினார்கள். என் பெரியப்பாவும் போனவர்தான், வரவில்லை. பெரியம்மாவும் தைத்தவர்தான். கைநாட்டு வைப்பவர், பெயரைத் தைக்க எழுத்துத் தெரியாது. அந்தப் போர்வையில் நாங்கள் ஐந்து பிள்ளைகள் படுத்தோம், மூத்திரம் பெய்தோம், கிழிய கிழிய மேலே ஒன்று ஒட்டினார்கள். கடைசியில் சைக்கிள் துடைக்கிற துணியானது. கான்பெராவில் எங்கே இருக்கும்?

கெம்பல் தெரு வாத்தியார்

தம்பி, இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஒன்று மட்டும். பயன்பட்ட போர்வை எந்த ஊரிலும் அபூர்வமாகத்தான் மிஞ்சும். அருங்காட்சியகங்களில் இருப்பவை பெரும்பாலும் விருந்தாளிக்கு என்று மடித்து வைத்தவை, சீர்வரிசையில் வந்தவை. இங்கிலாந்தில் 1718 என்று ஆண்டு தைத்த பட்டு ஒட்டுவிரிப்பு ஒன்று இன்னும் இருக்கிறது. வேலைக்காரியின் போர்வை அந்தக் காலத்திலிருந்து எதிரே வந்து நிற்பது அபூர்வம்.

ஆனால் தப்பியவையும் உண்டு. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்து ஜீஸ் பெண்ட் என்ற ஊர், ஆற்று வளைவுக்குள் ஒதுங்கிய கறுப்பினப் பண்ணையாட்களின் ஊர். கணவனின் கிழிந்த வேலைக் கால்சட்டையை, முட்டி வெளுத்த தடம் தெரியத் தெரிய, போர்வையாகத் தைத்தார்கள். சுவர் இடுக்கில் குளிர்காற்று வராமல் இருக்கத்தான் தைத்தார்கள். 2002இல் அவற்றை நியூயார்க் விட்னி அருங்காட்சியகம் ஓவியம் போல மாட்டியது, 2006இல் தபால்தலையே வந்தது. அந்தப் பெண்கள் சிரிக்கவில்லை, தம்பி. சிலர் அங்கே நின்று தங்கள் போர்வையைப் பார்த்து அழுதார்கள்.

செந்தூல்காரன்

சரி ஐயா.

(பெரியம்மா ஓரம் தைக்கும்போது மட்டும் யாரையும் ஊசி கோக்க விடமாட்டார். அவர்தான் கோக்க வேண்டும். ஏனோ இப்போது ஞாபகம் வந்தது.)

காப்பார் கத்தரிக்கோல்

பன்னிரண்டு துண்டு சேர்த்துவிட்டேன். ஒன்றுகூட நேராக இல்லை. விரலில் மூன்று ஓட்டை. ராத்திரி பதினொன்றுக்குப் படுக்கலாம் என்று நினைத்துப் பார்த்தால் மணி ஒன்றரை. போனை எடுத்துப் பார்க்கவே இல்லை, அதுதான் ஆச்சரியம்.

ஊசிமுனை

பிடித்துக்கொண்டது என்று அர்த்தம். விரல்தொப்பி ஒன்று வாங்குங்கள், நடுவிரலுக்கு.

எனக்கும் அப்படித்தான் ஆனது. அலுவலகத்தில் நாள் முழுக்கத் தட்டச்சு செய்கிறேன், சாயங்காலம் பார்த்தால் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி எதுவும் இருக்காது. இதில் ஒரு மணி நேரம் தைத்தால் ஒரு சாண் நீளம் கையில் இருக்கும். பிடிக்கவில்லையென்றால் பிரித்துவிடலாம். சீனர், மலாய்க்காரர், நாங்கள் இரண்டு தமிழ்ப் பெண்கள் என்று மாதம் ஒருமுறை ஒருவர் வீட்டில் கூடுகிறோம். தைப்பதைவிடப் பேச்சுதான் அதிகம். போனமுறை ஒருவர் மருமகளைப் பற்றிச் சொல்லச் சொல்ல என் கோடு கோணிப் போய்விட்டது, அதை அப்படியே விட்டுவிட்டேன்.

பட்டர்வொர்த் பேத்தி

மன்னிக்கவும், இரண்டு வாரம் வர முடியவில்லை. துவைத்துவிட்டேன்! ஆறு தண்ணீர். முதல் தண்ணீர் பால் விடாத கோப்பி ஓ மாதிரி இருந்தது, கடைசி ஓரளவு தெளிவு. சாயம் போகவில்லை. பூஞ்சைப் புள்ளி முழுதாகப் போகவில்லை, அது போகாது என்று ஊசிமுனை அக்கா முன்பே தனியாகச் சொல்லியிருந்தார். என் அக்காவும் மாமாவும் நானும் மகளும் ஆளுக்கொரு மூலை பிடித்து பெட்ஷீட்டோடு தூக்கினோம். வீசச் சொன்ன அதே அக்காதான் 'மெதுவா, மெதுவா' என்று கத்திக்கொண்டே வந்தார்.

மகள், ஓரத்தைப் பிரித்து உள்ளே எத்தனை சேலை இருக்கிறது என்று பார்க்கலாம் என்றாள். எனக்கும் ஆசைதான். டார்ச் அடித்துப் பார்த்ததில் ஒரு நீலக் கரை, ஒரு மஞ்சள், மாவு மூட்டை எழுத்து தெரிந்தன. பிரிக்கவில்லை. தையல் ஒரு விரல் அகலத்துக்கு ஒன்பது பத்து இருக்கிறது, அதை மறுபடி யார் போடுவது?

அப்புறம் அந்த ரோஸ் மூலை. அம்மாவிடம் காட்டி, "ஏம்மா இது மட்டும் வேறே?" என்று கேட்டேன். இத்தனை நாள் வாய் திறக்காதவர், "அது என் பாவாடை" என்றார். தீபாவளிக்கு எடுத்ததாம். பச்சைத் துணி மூன்று மூலையோடு தீர்ந்துவிட்டதாம். பாட்டி கேட்டிருக்கிறார், அம்மா தரமாட்டேன் என்று அழுதிருக்கிறார். "தூங்கினப்புறம் கீழ்ப்பக்கம் ஒரு சாண் வெட்டிட்டாங்க. காலையில போட்டா முட்டிக்கு மேல நிக்குது." எழுபத்தெட்டு வயதில் இன்னும் கோபமாக இருக்கிறார்.

செந்தூல்காரன்

ஹா! மூன்று மூலை பச்சை, நாலாவதற்குத் திருட்டு. ஊசிமுனை, சரி, நீங்கள் ஜெயித்தீர்கள். துணி கையில் இல்லை, ஆனாலும் மூலையை வெறுமனே விடவில்லை.

பேத்தி, இனிமேல் எங்கே வைக்கப் போகிறீர்கள்? மறுபடி தகரப் பெட்டியா?

பட்டர்வொர்த் பேத்தி

இல்லை அண்ணே. அக்கா வீட்டு அலமாரியில், துவைத்த வெள்ளை வேட்டியில் சுற்றி. பிளாஸ்டிக் கூடாது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பு மாற்ற வேண்டும் என்று ஊசிமுனை அக்கா சொன்னார். அக்கா காலண்டரில் குறித்து வைத்திருக்கிறார். என்னிடம் தரமாட்டாராம்.

செந்தூல்காரன்

நல்லது. ஊசிமுனை, ஒரு சந்தேகம். அம்மாவின் நூல்சேலை இரண்டு என்னிடம் இருக்கிறது. கண் சரியாகத் தெரியாது, விரலும் தடித்துப் போச்சு. எந்த நம்பர் ஊசி வாங்குவது?

ஊசிமுனை

எட்டாம் நம்பர், குட்டை ஊசி. நம்பர் ஏற ஏறச் சின்னதாகும், பத்து வேண்டாம் உங்களுக்கு. நூல் கோக்கும் கருவி இரண்டு வெள்ளிக்குக் கிடைக்கும், அதையும் வாங்குங்கள். அந்தச் சேலைகளில் ஒன்றை எடுத்து வெட்டாமல் நாலாக மடித்து, சும்மா ஓட்டுத்தையல் மட்டும் போட்டுப் பாருங்கள். படம் எடுத்துப் போடுங்கள்.